உச்சிவேளைக்கு முன் பார்க்க வேண்டிய பூ

மூன்று நாள் அலைந்து நான் பார்க்கப் போன பூ மூக்குத்தியை விடச் சிறியது. செடிக்கு உயரம் என்பதே கிடையாது. தரையோடு தரையாகப் பாய் விரித்தாற்போலப் படரும். காலையில் பூ விரியும், உச்சிவேளைக்குள் சுருட்டிக்கொண்டுவிடும். பிறகு பார்த்தால் பச்சைத் தரைதான். விஷ்ணுகிராந்தி என்று பெயர். இவ்வளவு சின்னச் செடிக்கு அவ்வளவு பெரிய பெயரை யார் வைத்தார்களோ தெரியாது.

நான் சென்னையில் ஒரு கல்லூரியின் தாவர இலாகாவில் படம் எழுதுகிறவன். செடி கொண்டுவந்து வைப்பார்கள், அதைப் பார்த்து வர்ணத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏழு வருஷமாக இந்த வேலை, ஏழு வருஷமாகத் தற்காலிகம். வீட்டில் கைக்குழந்தை வேறு. அந்தப் பங்குனியில் எங்கள் புரொபசர் ஓய்வு பெறுவதாக இருந்தது. அவர் போய்விட்டால் எனக்காகப் பேச அந்தக் கட்டடத்தில் தூணும் சுவரும்தான் மிச்சம்.

புரொபசருக்கு ஒரு தீராத வழக்கு இருந்தது. விஷ்ணுகிராந்தி எங்கும் நீலமாகத்தான் பூக்கும். ஆனால் பல வருஷங்களுக்கு முன் தருமபுரிப் பக்கத்துப் பாதிரியார் ஒருவர் காய்ந்த செடி ஒன்றை அனுப்பி, 'இங்கே ஒரு கல் தரையில் இது வெள்ளையாகப் பூக்கிறது' என்று எழுதியிருந்தார். புரொபசர் நம்பினார். வடக்கே இருந்த ஒரு பண்டிதர் நம்பவில்லை. நீலம் காய்ந்தால் வெளுக்கத்தானே செய்யும், பாதிரியார் பார்த்தது வெளுத்த நீலம் என்று அவர் எழுதிவிட்டார். பத்து வருஷமாக இரண்டு பேரும் கடிதத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உலகமெல்லாம் வேறு யுத்தம் நடந்துகொண்டிருந்ததை இருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசி முடிகிற சமயம் புரொபசர் என்னைக் கூப்பிட்டார். நேரில் போய், பூ விரிந்திருக்கும்போதே வர்ணத்தில் எழுத வேண்டும். வேரோடு ஒரு செடி கொண்டுவர வேண்டும். "தானாக முளைத்ததாக இருக்க வேண்டும். யாராவது நட்டது என்றால் அது தோட்டச் செடி. என் புத்தகத்தில் அதற்கு இடமில்லை," என்றார். கொண்டுவந்தால் என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார். கொண்டுவராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தருமபுரியிலிருந்து ஏரியூர்ப் பக்கம் போகும் பஸ் கரியில் ஓடியது. பெட்ரோல் பட்டாளத்துக்குப் போய்விட்டது. பஸ்ஸின் முதுகில் அண்டா மாதிரி ஓர் அடுப்பைக் கட்டியிருந்தார்கள். அதில் அடுப்புக்கரியைப் போட்டு, ஓர் ஆள் அரைமணி நேரம் விசிறியைச் சுற்றிய பிறகு பஸ் ஒரு தும்மல் தும்மியது. எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். பிறகு எல்லோரும் இறங்கித் தள்ளினோம்.

மேடு வந்தால் இறங்கி நடக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். யாரும் சொல்லாமலே இறங்கினார்கள், யாரும் சலித்துக்கொள்ளவும் இல்லை. நான் காவேரித் தண்ணீர் பாயும் கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவன். எங்கள் ஊரில் மேடு என்றால் வரப்பு. இங்கே பூமி நின்ற இடத்தில் நிற்காமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. செம்மண், பாறை, புளியமரம், மறுபடி பாறை. ஆடுகள் மட்டும் எதையோ தின்றுகொண்டிருந்தன. என்ன தின்கின்றன என்று உற்றுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு புளி வியாபாரி உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு பெண்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டு என் தகரப் பெட்டியையே பார்த்தார்கள். செடி வைக்கிற பெட்டி அது. என்ன பேசுகிறார்கள் என்று வியாபாரியைக் கேட்டேன். இந்த ஆள் அம்மை குத்துகிறவனா, நிலம் அளக்கிறவனா என்று ஒருத்தி கேட்டாளாம். முகத்தைப் பார்த்தால் அம்மை குத்துகிறவன் மாதிரிதான் இருக்கிறது என்று மற்றவள் சொன்னாளாம். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒரு தாய், பெட்டியைக் கண்டதும் குழந்தையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள்.

வியாபாரிக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார்.

"அந்த ஊர்ல பூ கெடையாதுங்களே. கல்லுதானுங்க இருக்குது," என்றார்.

நல்ல மனிதர். ஊர் போய்ச் சேரும் வரையில் எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார். பஸ் இரண்டு இடத்தில் நின்றுபோய், கரி தீர்ந்து, யாரோ விறகு வெட்டுகிறவரிடம் கரி வாங்கி, பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பூ சுருண்டிருக்கும் நேரம். பரவாயில்லை, நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் தலையிலும் வேட்டியிலும் இருந்த கரியைப் பார்த்தால் யாரும் என்னை உத்தியோகஸ்தன் என்று நம்ப மாட்டார்களே என்பதுதான் அப்போது என் கவலை.

நம்பினார்கள். ஊரின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அந்த ஊர் மணியக்காரர் மாதையனுக்கு மனத்தாங்கல் உண்டாகும், அவரைப் போல மரியாதை தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. ஐம்பது வயதிருக்கும். ஊர் வரிவசூலும் அதிகாரமும் அவர் கையில். வெளுத்த தலைப்பாகையோடு பஸ் நிற்கும் இடத்திலேயே காத்திருந்தார். தாலுகா ஆபீசிலிருந்து வந்த கடிதத்தை மடிப்புக் கலையாமல் எடுத்துக் காட்டினார். 'சென்னையிலிருந்து உத்தியோகஸ்தர் ஸ்தலம் பார்வையிட வருகிறார். ஸ்தலத்தைத் தயாராக வைக்கவும்' என்று எழுதியிருந்தது. செடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"தயாருங்க," என்றார் மாதையன்.

சாவடிக்குப் பின்னால் அழைத்துப் போனார். பாதிரியார் எழுதியிருந்த அதே கல் தரை. மண்வெட்டியால் ஒரு புல் இல்லாமல் செதுக்கியிருந்தார்கள். கல்லைப் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, தட்டிக் கெட்டிப்படுத்தி, சாணி போட்டு மெழுகியிருந்தார்கள். இந்தக் கோணத்திலிருந்து அந்தக் கோணம் வரையில் கண்ணாடி மாதிரி இருந்தது. நடுவில் ஒரு கோலம். கோலத்துக்கு நடுவில் ஒரு நாற்காலி.

"உக்காருங்க," என்றார்.

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் கை கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். நான் தரையைப் பார்வையிட்டேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, இங்கே செடி கொடி எதுவும் இருந்ததில்லையா என்று மெதுவாகக் கேட்டேன்.

மாதையனுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. "கெடந்துதுங்க. பாய் போட்டாப்பல கெடந்துதுங்க. ஒண்ணு வுடாம எடுத்தாச்சு. மூணு நாள் வேலைங்க," என்றார்.

எங்கள் ஊரில் அதிகாரி வந்தால் பந்தல் போட்டு வாழை கட்டுவோம். இந்தப் பக்கத்தில் வாழைக்கு எங்கே போவார்கள்? அறுவடைக்கு முன் களத்துக்கென்று கெட்டித் தரையைச் செதுக்கி மெழுகுவது இவர்கள் வழக்கம். ராகியும் சாமையும் வந்து விழுகிற இடம் என்பதால் அதை விடப் பெரிய சுத்தம் இவர்களுக்குக் கிடையாது. அந்தச் சுத்தத்தைத்தான் எனக்குச் செய்து வைத்திருந்தார்கள். ஏழு வருஷத்தில் எனக்கு யாரும் நாற்காலிகூடப் போட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. கரி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

அன்று சாப்பாடு மணியக்காரர் வீட்டில். விருந்தாளிக்கென்று நெல்லுச் சோறு ஆக்கப் போனார்கள். ரேஷன் காலத்தில் அரிசிக்குச் சிரமப்பட வேண்டாம், உங்கள் சாப்பாடே போதும் என்று நான் பெருந்தன்மையாகச் சொல்லித் தொலைத்தேன். தேங்காய் அளவில் ஒரு களி உருண்டை வந்து விழுந்தது, பக்கத்தில் அவரைக்கொட்டைக் குழம்பு. நான் மெல்ல ஆரம்பித்தேன். வாய் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் சாப்பிட்டு முடித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று மாதையனின் மனைவி உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினார். விழுங்கினேன். மறுநாள் மத்தியானம் வரை பசிக்கவில்லை. அந்தக் குழம்பை மட்டும் இன்றைக்குக் கொடுத்தாலும் சாப்பிடுவேன்.

இரண்டாம் நாள் விடிந்ததும் மாதையனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நான் பார்க்க வந்தது தரையை அல்ல, தரையில் கிடந்ததை என்று. அவர் என்னையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமுங்களே," என்றார்.

என்னை விட அவருக்குத்தான் அதிக வருத்தம் என்று தோன்றியது. செதுக்கிப் போட்டதையெல்லாம் கொட்டிய குப்பைமேட்டுக்கு அழைத்துப் போனார். ஆடுகள் எங்களுக்கு முன்பே பார்வையிட்டுவிட்டுப் போயிருந்தன. கிளறிக் கிளறி ஒரே ஒரு காய்ந்த கொடியை எடுத்தார். பாதிரியார் அனுப்பியதை விட மோசமாக இருந்தது, பூ என்ற இடத்தில் ஒரு தூசி.

பிறகு ஊரைச் சுற்றி இருக்கும் கரட்டுக் குன்றெல்லாம் ஏறினோம். விஷ்ணுகிராந்திக்குக் குறைச்சல் இல்லை. பாறை இடுக்கு, வண்டித் தடம், ஆட்டுப்பட்டி ஓரம் என்று, வேறு எந்தச் செடியும் வேண்டாம் என்று விட்ட இடமாகப் பார்த்து இது உட்கார்ந்திருந்தது. நல்ல மண்ணும் தண்ணீரும் இருக்கும் இடத்தில் ஒன்றுகூட இல்லை. நெற்றி சுடுகிற வெயிலில் முட்டி போட்டு முட்டி போட்டுப் பார்த்தேன். எல்லாம் நீலம். இந்த ஊரில் இதற்கு என்ன பெயர் என்று மாதையனைக் கேட்டேன்.

"பூண்டுங்க. அதுக்கெல்லாம் பேரு வெக்க எங்களுக்கு நேரமில்லீங்க," என்றார். வெள்ளை எப்போது வரும் என்று கேட்டதற்கு, அந்தத் தரையில் அடுத்த ஐப்பசி மழைக்கு ஒருவேளை வரலாம் என்றார். அடுத்த ஐப்பசியில் புரொபசர் வேலையில் இருக்க மாட்டார், நானும் இருக்க மாட்டேன். அதையும் அவரிடம் சொன்னேன். வெயிலில் அலைந்ததில் கௌரவமெல்லாம் கரைந்துபோயிருந்தது.

மாலையில் சாவடியில் படப்பலகையைக் கட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் பகல் பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவதாக முடிவு. ஒரு பெண் வந்து சற்றுத் தள்ளி நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. தரையைச் செதுக்கிய மூன்று கூலிப் பெண்களில் ஒருத்தி, சவேரியம்மா என்று பெயர். மணியக்காரர் அந்த மூன்று பேரையும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அவர் முன்னால் இவள் ஒன்றும் சொல்லவில்லை.

"வெள்ளப் பூவுதானுங்களே? ஒரு எடத்துல இருக்குது," என்றாள். எங்கே என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், காலையில் மாதா கோயில் மணி அடித்த பிறகு வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மணி அடிப்பதற்கு முன்பே தயாராக நின்றேன். சவேரியம்மா இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். அதே கல் தரையின் கோடி வரையில் நடந்து, ஒரு முள்வேலியைத் தாண்டினோம். வேதக்காரர்கள் என்று அங்கே சொல்லும் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டம். கல்லறைத் திருநாள் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. மண்மேடுகளையெல்லாம் செதுக்கிச் சுத்தம் செய்திருந்தார்கள். அங்கங்கே மெழுகுவர்த்தி உருகிய தடம். கோடியில் இரண்டு முழ நீள மேடு ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது. அதன் மேல் அரிசிப்பொரி சிந்தியது போல வெள்ளை வெள்ளையாகப் பூ.

முட்டி போட்டுக் குனிந்தேன். விரிந்த பூ. இலையில் சாம்பல் பூத்த மாதிரி மெல்லிய ரோமம், அதில் இன்னும் பனித்துளி. நடு வரையில் வெள்ளை, நீலத்தின் சாயல்கூட இல்லை. பத்து வருஷத்து வழக்கில் புரொபசர் ஜெயித்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அந்த மேடு எவ்வளவு சின்னது என்பது எனக்கு உறைத்தது.

"எம் பொண்ணுங்க. நடக்கக் கத்துக்கிட்டிருந்தா," என்றாள்.

என் வீட்டில் இருப்பதும் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. குடத்தைப் பார்த்தேன். இரண்டு நாளில் எனக்கும் அந்த ஊர் மரியாதை ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இதை நீங்க நட்டீங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என் வேலை போயிற்று. அது அவளுக்குத் தெரியாது.

"நான் நடலீங்க. அவ போனதுக்கப்புறம் மழ பேஞ்சுது, தானா வந்துச்சு. இந்தத் தண்ணி கை கால் கழுவறதுக்குங்க. திருநாளுக்கு எல்லாரும் செதுக்குனாங்க, நான் செதுக்கலீங்க. புள்ள கல்லறயச் சுத்தம் பண்ணாம போட்டிருக்கறான்னு ஊர்ல பேசுனாங்க." குடத்தை இறக்கி வைத்தாள். "மண்ணு வெயில்ல சுடுதுங்களே. மூடிக்கிட்டுக் கெடக்கட்டும்னு வுட்டுட்டேன்."

அந்த ஊர்த் தரை எப்படிச் சுடும் என்று முந்தின நாள் முழுவதும் முட்டியால் தெரிந்துகொண்டிருந்தேன். பெட்டியைத் திறந்து வேலையை ஆரம்பித்தேன்.

வெள்ளைப் பூவை வெள்ளைத் தாளில் எழுத ஒரே வழிதான் உண்டு. சுற்றிலும் இருக்கிற இலை, கொடி, மண், நிழல் எல்லாவற்றையும் வர்ணத்தில் எழுதிவிட்டு, பூ இருக்கிற இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். வெயில் ஏற ஏறக் கை வேகமாக ஓடியது. சவேரியம்மா கூலிக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும், பூவுக்கு ஒன்றும் வைக்கவில்லையே என்று கேட்டாள்.

"வெள்ளையாச்சே. அப்படியே விட்டுட்டேன்," என்றேன்.

"வுட்டாத்தானுங்களே இருக்குது," என்றாள்.

இன்னொரு காரியம் பாக்கி இருந்தது. பெட்டியில் சின்னக் களைக்கொத்து ஒன்று இருந்தது, வேரோடு செடி எடுப்பதற்கு. அதை நான் வெளியில் எடுக்கவே இல்லை. புரொபசர் முகம் வந்து நின்றது, வீட்டுக் குழந்தை முகமும் வந்து நின்றது. ஒரு குழந்தையின் போர்வையில் கை வைத்துத்தான் இன்னொரு குழந்தைக்குச் சோறு போட வேண்டுமா என்று கசப்பாக இருந்தது. கிளம்புகிறேன் என்று எழுந்தேன். அவள் விடவில்லை. திறந்த பெட்டிக்குள் கிடந்த கொத்தைக் காட்டி, அது எதற்கு என்று கேட்டாள். பொய் சொல்ல வரவில்லை. வேரோடு ஒரு செடி வேண்டும், கொண்டுபோனால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டாலும் எப்படியோ ஆகும் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் மேட்டின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நடந்து வந்தாள்.

"தலமாட்டுல வேண்டாங்க. கால்மாட்டுல எடுத்துக்கலாம்."

எடுக்க எனக்குக் கை வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவளே உட்கார்ந்தாள். கால்மாட்டில் குடத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றி ஊறவிட்டாள். விரலால் மண்ணைத் தளர்த்தித் தளர்த்தி, இழுக்காமல், தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து எதையோ எடுக்கிற மாதிரி எடுத்தாள். ஒரு சாண் வேர், நுனி வரை அறாமல் வந்தது. பக்கத்துக் கொடி ஒன்றை நகர்த்தி அந்த இடத்தை மூடினாள். செடியை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இத அங்க எங்கீங்க வெப்பீங்க?"

"தாள்ல ஒட்டி அலமாரிக்குள்ள வைப்போம். வெயில் படாது," என்றேன்.

"நல்லதுங்க," என்றாள்.

பஸ்ஸில் ஏற்றிவிட மாதையன் வந்தார். செடி கிடைத்ததைச் சொன்னேன். எங்கே என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அந்தத் தரையில் அடுத்த மாதம் ராகி அடிக்கப்போவதாகச் சொன்னார். நான் வந்ததால் ஊருக்கு ஒரு நல்ல களம் அமைந்துவிட்டதாம். முதல் மேட்டில் இறங்கித் தள்ளும்போது திரும்பிப் பார்த்தேன். நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு யாரோ தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

புரொபசர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு செடியை நெடுநேரம் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு தாளின் மூலையில் நான் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். இருப்பிடம் என்ற இடத்தில், 'கல் கலந்த கெட்டித் தரை. தானாக முளைத்தது' என்று எழுதியிருந்தேன். இரண்டும் உண்மை. சேகரித்தவர் என்ற இடத்தில் சவேரியம்மா என்று எழுதியிருந்தேன்.

"யார் இது?" என்றார்.

"அந்த ஊர்க்காரங்க, சார். அவங்கதான் எடுத்தாங்க."

அவர் வேரை நுனி வரை மறுபடி பார்த்தார். "ஏழு வருஷத்தில் நீ ஒரு நாளும் இப்படி எடுத்ததில்லை," என்றார். சீட்டைத் திருத்தச் சொல்லவில்லை. வடக்கத்திப் பண்டிதருக்கு அன்றைக்கே ஒரு நீளமான கடிதம் போயிற்று. என்னைப் பற்றிய கடிதம் அதற்கு அடுத்த வாரம் போயிற்று.

வேலை நிரந்தரமாயிற்று. அந்தத் தாள் வைத்திருந்த அலமாரி மேற்கு ஜன்னலுக்கு எதிரே இருந்தது, சாயங்காலத்து வெயில் நேரே அதன் மேல் விழும். உத்தரவு கைக்கு வந்த அன்று நானும் பியூனும் சேர்ந்து அதை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். எதற்கு என்று கேட்டார்கள். வெயில் பட்டால் தாள் மங்கிவிடும் என்று சொன்னேன்.